நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அக்டோபர் முடிந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். பெர்லினில் படிக்கிற தம்பி தங்கைகள், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்கள், சுவிஸிலிருந்து காரில் கிளம்பும் நண்பர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் மார்க்கெட்னா என்ன? நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரியா?

பொருட்காட்சியை விடக் கோயில் திருவிழாவில் சன்னதித் தெருவில் முளைக்கும் கடைகளுக்குத்தான் இது கிட்டத்தில் வரும். நுழைவுச் சீட்டு கிடையாது. ஊரின் நடுச் சதுக்கத்தில் மரத்தால் சின்னச் சின்னக் கடைகள் போடுவார்கள், மாலையானால் விளக்கு எரியும், சாப்பிடலாம், சூடாகக் குடிக்கலாம், பொம்மை வாங்கலாம், எதுவும் வாங்காமல் நின்று வேடிக்கையும் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து சக ஊழியர்களோடு வந்து ஒரு மணி நேரம் நின்று பேசிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இங்குள்ள சந்தைக்குப் பெயர் கிறிஸ்ட்கிண்ட்லெஸ்மார்க்ட், அதாவது குழந்தை இயேசுவின் சந்தை. ஹாப்ட்மார்க்ட் என்ற சதுக்கத்தில், மாதா கோவிலுக்கு முன்னால் நடக்கிறது. சுமார் 180 கடைகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. மரத்தாலும் துணியாலும் ஆன குட்டி நகரம் என்று இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்வார்கள், மேலே கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது பார்த்தால் அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியும்? டிசம்பர் முழுக்க இருக்குமா?

இருக்காது, இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம். அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சந்தை திறக்கும், டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கு மூடிவிடும். மற்ற நாட்களில் காலை 10 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் உண்டு.

திறக்கும் நாள் மாலை 5.30-க்குச் சதுக்கத்து விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். மாதா கோவிலின் மேல்மாடத்தில் பொன்னிறக் கூந்தலும் கிரீடமுமாகக் கிறிஸ்ட்கிண்ட் வேடத்தில் ஒரு பெண் வந்து நின்று, ஒருகாலத்தில் குழந்தைகளாக இருந்த பெரியவர்களையெல்லாம் சந்தைக்கு அழைக்கும் கவிதையைச் சொல்வாள். ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும், ஆனாலும் ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருக்கும். கூட்டம் ஒத்துவராதவர்கள் அன்றைக்கு மட்டும் வர வேண்டாம்.

ஐரோப்பாவுல எத்தனையோ ஊர்ல இருக்கே, ஏன் நியூரம்பெர்க்குக்கே வரணும்?

இங்கேதான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழமை வேண்டுமென்றால் டிரெஸ்டன் சந்தை 1434-லிருந்து நடக்கிறது, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570-லிருந்து. பிரம்மாண்டமான அலங்காரம் வேண்டுமென்றால் வியன்னா நகர்மன்றத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

எனக்கு இந்த ஊர் பிடிக்கக் காரணம், சந்தையை நடத்தும் மாநகராட்சி கடைகளுக்குப் போட்டிருக்கும் கட்டுப்பாடுகள். கடையில் பிளாஸ்டிக் தோரணம் தொங்கவிடக் கூடாது, ஸ்பீக்கரில் பாட்டு அலறவிடக் கூடாது. அதனால் நடக்கும்போது மனிதக் குரலும், கோவில் மணியும், மேடையில் யாராவது ஊதும் பித்தளை வாத்தியமும்தான் காதில் விழும். வேறு ஊர்ச் சந்தைகளுக்கும் போயிருக்கிறேன், இந்தச் சத்தக் குறைவு ஒன்றுக்காகவே திரும்பத் திரும்ப இங்கே வந்து நிற்கிறேன்.

ஒரு வாரம்தான் லீவு. பிராக், வியன்னா, மியூனிக், நியூரம்பெர்க், ஸ்ட்ராஸ்பூர்க் அஞ்சையும் பாத்துடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுதியதே பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். டிசம்பரில் இங்கே நாலே கால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சந்தையின் அழகு அதற்குப் பிறகுதான். ஐந்து ஊர் என்றால் அந்த மாலைகளில் பாதி ரயிலில் கழியும், மிச்சப் பாதியில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஹோட்டல் தேடுவீர்கள். என்னோடு வந்து தங்கிய ஒரு குடும்பம் இப்படித்தான் ஆறு நாளில் நாலு ஊர் போனது, கடைசியில் போட்டோவைப் பார்த்து எது எந்த ஊர் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஊருக்கு மூன்று மாலை கொடுங்கள். முதல் மாலை சும்மா சுற்றுங்கள், இரண்டாவது மாலை சாப்பிடுங்கள், மூன்றாவது மாலை பிடித்த கடைக்குத் திரும்பப் போய் வாங்குங்கள். பகலில் பக்கத்து ஊர் போகலாம். ரோத்தன்பூர்க்கும் பாம்பெர்க்கும் ரயிலில் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடும் தூரம்தான், பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் சீட்டு எடுத்தால் சாதாரண ரயில்களில் குழுவாகச் சேர்ந்து மலிவாகப் போகலாம். வாரநாளில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும்.

ஊர்லேருந்து எப்படி வந்து சேர்றது? விசா எப்போ போடணும்?

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராக விமானம் இருக்கிறது. அங்கிருந்து ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்தைச் சற்று ஒட்டி நியூரம்பெர்க். மியூனிக்கில் இறங்கினால், அந்த ஊர் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ரயில் பயணம் ஒரு மணி நேரம் சொச்சம். நியூரம்பெர்க் விமான நிலையத்திலேயே இறங்குபவர்களுக்கு சுரங்க ரயில் யூ2-வில் 12 நிமிடத்தில் மத்திய ரயில் நிலையம், அங்கிருந்து சந்தைக்கு நடை கால் மணி நேரம்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் தவித்தவர்கள் அதிகம்.

எந்த நாள், எந்த நேரம் கூட்டம் கம்மியா இருக்கும்?

திங்கள் முதல் வியாழன் வரை, காலை 10 முதல் மதியம் 2 வரை ஓரளவு நிதானமாக நடக்கலாம். சனிக்கிழமை மாலை வரவே வராதீர்கள், கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் நகர முடியும். விளக்கு ஒளியும் வேண்டும், கூட்டமும் கூடாது என்றால் செவ்வாய், புதன் மாலை நாலு மணிக்கு முன்பே வந்து இருட்டுவதை அங்கேயே நின்று பாருங்கள். இல்லாவிட்டால் இரவு எட்டரைக்கு வாருங்கள், கடைக்காரர்களும் அப்போது பேசுகிற மனநிலையில் இருப்பார்கள்.

மதியம் சரியாக 12-க்குச் சதுக்கத்தில் இருந்தால் மாதா கோவில் கடிகாரத்தை அண்ணாந்து பாருங்கள். ஏழு இளவரசர்களின் பொம்மைகள் பேரரசர் நான்காம் சார்லஸைச் சுற்றி மூன்று முறை வலம் வரும். 1509-லிருந்து இருக்கும் பொறி அது.

எவ்ளோ குளிரும்? பனி விழுமா?

பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் இருக்கும். பனி விழுவது அதிர்ஷ்டம், மழைத் தூறல்தான் அதிகம். படத்தில் பார்க்கும் வெள்ளைக் கூரையை நம்பி வராதீர்கள்.

குளிர் முதலில் காலில்தான் ஏறும், ஏனென்றால் கல் பாவிய தரையில் மணிக்கணக்காக நிற்கிறோம். மெல்லிய அடி உள்ள ஓட்டப்பந்தய ஷூ போட்டு வந்தால் அரை மணியில் விரல் மரத்துவிடும். தடித்த அடி உள்ள பூட்ஸ், கம்பளிச் சாக்ஸ், காதை மூடும் தொப்பி, இது மூன்றும் இருந்தால் மேலே கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம்.

குளூவைன்னா என்ன? நாங்க குடிக்க மாட்டோம், வேற என்ன இருக்கு?

பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய வைன். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், சூடாக இனிப்பாக இருப்பதால் அது தெரியாது, வெறும் வயிற்றில் இரண்டு கப் குடித்தால் பிறகு தெரியும். இந்தப் பக்கத்தில் அவுரிநெல்லியில் செய்ததும் பிரபலம். ஆற்றங்கரையில் இன்னொன்று செய்வார்கள்: பெரிய கொப்பரையில் வைன் கொதிக்க, அதன் மேல் ரம்மில் நனைத்த சர்க்கரைக் கட்டியைப் பற்ற வைப்பார்கள், நீலச் சுடரோடு அது உருகி உள்ளே சொட்டும். குடிக்காவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

குடிக்காதவர்களுக்கு கிண்டர்புன்ஷ் இருக்கிறது, அதே மசாலா வாசனையோடு சூடான பழச்சாறு. "ஓனே அல்கொஹோல்" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டும் ஒரே மாதிரிக் கப்பில் ஒரே நிறத்தில் வரும்.

கப்புக்குத் தனியா காசு எடுத்துட்டாங்களே, ஏமாத்துறாங்களா?

இல்லை. அது ஃபாண்ட், அதாவது முன்பணம். கப்பைத் திருப்பிக் கொடுத்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும். வாங்கிய கடையிலேயே கொடுப்பது நல்லது. சில கடைகளில் கப்போடு ஒரு வில்லையும் தருவார்கள், அதைத் தொலைத்தால் பணமும் போச்சு. கப்பில் வருடத்துக்கு வருடம் படம் மாறும், பிடித்திருந்தால் முன்பணத்தை விட்டுவிட்டுக் கப்பை வீட்டுக்குக் கொண்டு போகலாம், இங்கே எல்லோரும் செய்வதுதான். அப்படிச் செய்வதென்றால் கழுவிய கப் ஒன்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே மாற்றித் தருவார்கள்.

நான் சைவம். பட்டினிதானா?

முன்பு கொஞ்சம் கஷ்டம்தான், இப்போது இல்லை. உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவார்கள், பெயர் கார்ட்டோஃபல்புஃபர், முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பூண்டு சாஸ் ஊற்றிய காளான், சுட்ட கஷ்கொட்டை, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் எல்லாம் உண்டு. அந்தப் பாதாமைச் செப்புச் சட்டியில் கிளறும்போது வரும் வாசனை இரண்டு தெரு தள்ளியே பிடித்து இழுக்கும். "ஓனே ஃப்ளைஷ்" என்றால் இறைச்சி இல்லாமல்.

அசைவம் சாப்பிடுபவர்கள் "ட்ரை இம் வெக்லா" கேளுங்கள், ரொட்டிக்குள் மூன்று சாசேஜ். விரல் நீளம்தான் இருக்கும், 7 முதல் 9 சென்டிமீட்டர், மார்ஜோரம் என்ற மூலிகை போட்டுத் தணலில் சுடுவார்கள். அது பன்றி இறைச்சி என்பதைச் சாப்பிடாதவர்கள் கவனியுங்கள்.

லெப்கூகன் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி இருக்கே, எதை வாங்குறது?

லெப்கூகன் இந்த ஊரின் மசாலா பிஸ்கட், கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூரம்பெர்க்கில் செய்ததைத்தான் நியூரம்பெர்கர் லெப்கூகன் என்று விற்க முடியும். அதில் எலிசன் என்று எழுதியிருப்பதை எடுங்கள். அந்தப் பெயர் போட வேண்டுமானால் பாதாம், ஹேசல்நட், வால்நட் வகைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திருப்பிப் பாருங்கள், அடியில் காகிதம் மாதிரி வெள்ளையாக மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். அதைக் காகிதம் என்று நினைத்து உரித்துப் போடுபவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். அது சாப்பிடக்கூடிய மெல்லிய அப்பத் தகடு, மாவு சுடும் தட்டில் ஒட்டாமல் இருப்பதற்காக வைத்தது, சேர்த்தே சாப்பிட வேண்டும்.

ஒன்றைப் பிட்டதும் மூக்கில் ஏறும் ஏலக்காய், கிராம்பு, பட்டை வாசனை நமக்குப் பழக்கமானதாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது, வெனிஸ் வழியாக மலபாரின் மிளகும் ஏலமும் இந்த ஊர் வணிகர்கள் கைக்கு வந்தன, இரண்டும் சேர்ந்து பிறந்த பலகாரம் இது. என் அம்மா முதல் தடவை சாப்பிட்டுவிட்டு, அதிரசத்தில் யாரோ பாதாமை அரைத்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். முட்டை சேர்த்திருப்பார்கள், சுத்த சைவம் பார்ப்பவர்கள் வீகன் என்று எழுதியதைத் தேடி வாங்குங்கள். தகர டப்பாவில் வாங்கினால் ஊருக்குக் கொண்டுபோகலாம், காய்ந்து இறுகிவிட்டால் ஒரு ஆப்பிள் துண்டை டப்பாவில் ஒரு நாள் போட்டு வையுங்கள், மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

வேற என்ன வாங்கலாம்? பேரம் பேசலாமா?

பேரம் கிடையாது. எழுதியிருக்கும் விலைதான் விலை.

எல்லாக் கடையிலும் உள்ளூர்ப் பொருள்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த ஊருக்கே உரியது என்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்று ஸ்வெட்ஷ்கன்மென்லே, உலர்ந்த ப்ளம் பழத்தில் செய்த குட்டி மனிதர்கள். கம்பியில் பழத்தைக் கோத்துக் கை கால், உடம்பு, தலைக்கு ஒரு வால்நட், அதில் கண்ணும் மூக்கும் வரைந்து, துணியில் சட்டை தைத்துப் போட்டிருப்பார்கள். ஒரு வயதான கடைக்காரர் எனக்கு ஒன்றைக் கையில் வைத்துக் காட்டினார், புகைபோக்கி சுத்தம் செய்பவர், தோளில் உள்ளங்கை அகல ஏணி, முழங்கை மடியும் இடத்தில் பழத்தின் சுருக்கமே சட்டை மடிப்பு மாதிரி விழுந்திருந்தது. சாப்பிடுவதற்கு இல்லை, அலமாரியில் வைக்க. இன்னொன்று ரவுஷ்கோல்ட் தேவதை, மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்து மடித்துப் பாவாடை செய்த பொம்மை. 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர்க் காலத்தில் மகளை இழந்த ஒரு பொம்மைக் கைவினைஞர் அவள் நினைவாகச் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

கண்ணாடிக் குண்டுக்குள் பனி விழும் பொம்மை வாங்கினால் பெரிய பெட்டியில் போடுங்கள். உள்ளே இருப்பது திரவம், கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடக்கூடும்.

கார்டு செல்லுமா?

சில கடைகளில் செல்லும், நிறையக் கடைகளில் செல்லாது. ஒருவருக்கு ஒரு மாலைக்கு 40 யூரோ சில்லறையாகக் கையில் இருக்கட்டும், கழிப்பறைக்கும் நாணயம் வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட ரெண்டு சின்னப் பிள்ளைங்க. கூட்டிட்டு வரலாமா?

வரலாம், மேலே சொன்ன காலை நேரத்தில். கல் தரையில் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் குலுங்கும், மாலைக் கூட்டத்தில் தள்ளவே முடியாது. சந்தைக்குள் உட்கார இடம் அரிது, அதனால் பக்கத்து காபிக் கடை ஒன்றை முன்பே பார்த்து வையுங்கள். உள்ளே குளிருக்கு ஒதுங்கலாம், கழிப்பறையும் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குப் பெரிய சந்தையை விடப் பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் இருக்கும் குழந்தைகள் சந்தைதான் பிடிக்கும். இரண்டு மாடிக் குதிரை ராட்டினம், சின்ன ரயில், ராட்சத ராட்டினம் எல்லாம் அங்கே. பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணை எழுதிப் போடுங்கள்.

நாங்க கிறிஸ்தவங்க இல்ல, போனா ஏதும் நினைப்பாங்களா?

யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எல்லோரும் போகிற மாதிரிதான். மாதா கோவிலுக்குள்ளும் போகலாம், வழிபாடு நடக்கும் நேரத்தில் மட்டும் போட்டோ எடுக்காமல் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.

கிறிஸ்ட்கிண்ட்னா குழந்தை இயேசுதானே? அப்போ ஏன் ஒரு பொண்ணு வந்து நிக்குது?

நல்ல கேள்வி. 16-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் லூதர் தரப்பினர் புனிதர்களை வணங்குவதை ஏற்கவில்லை, அதனால் டிசம்பர் 6-ல் புனித நிக்கோலாஸ் தரும் பரிசை, கிறிஸ்துமஸில் குழந்தை இயேசு தருவதாக மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வந்து பரிசு வைத்துவிட்டுப் போகும் அந்தக் குழந்தை, காலப்போக்கில் மக்கள் மனதில் தேவதை உருவத்தோடு கலந்துவிட்டது. இப்போது இந்த ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 16 முதல் 19 வயதுள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்தது 160 செ.மீ. உயரம் வேண்டும், உயரத்தில் நின்றால் தலை சுற்றக் கூடாது, முதல் கேள்விகளில் சொன்ன அந்த மேல்மாடத்தில் நிற்க வேண்டுமே.

2019-ல் தேர்வான பெண்ணின் தந்தை இந்தியாவில் பிறந்தவர். அவள் தோற்றத்தைக் குறித்து ஒரு கட்சியின் மியூனிக் வட்டாரக் கிளை இணையத்தில் இழிவாக எழுதியது. அடுத்த நாளே ஊரும் நாடும் அவள் பக்கம் நின்றன, அந்த வருடம் அவள் மாடத்தில் வந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன், என் பக்கத்தில் நின்ற பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

400 வருஷமா தொடர்ந்து நடக்குதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பழையது என்பது உண்மை, தொடர்ந்து என்பது இல்லை. 1628 என்று எழுதிய ஒரு மரப்பெட்டிதான் இருப்பதிலேயே பழைய சான்று, இந்த ஊர் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்தையைச் சதுக்கத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். 1933-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்து பகட்டாக நடத்தியவர்கள் நாஜிகள், அப்போது சதுக்கத்தின் பெயரே ஹிட்லரின் பெயர். போர் வந்ததும் சந்தை நின்றது. 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமானது. 1948-ல் இடிபாடுகளுக்கு நடுவே மறுபடி தொடங்கினார்கள், கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சதுக்கம் 1349 வரை யூதர்களின் குடியிருப்பு. அந்த வருடம் டிசம்பரில், திருவருகைக் காலத்திலேயே, 562 பேரைக் கொன்று வீடுகளை இடித்துத்தான் சந்தைத் திடலை உண்டாக்கினார்கள். மாதா கோவில் நிற்பது யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில். நான் விருந்தினரைக் கூட்டிப்போகும்போது கப்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். சிலர் முகம் வாடும், இருந்தாலும் தெரிந்துகொண்டு நிற்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

செய்தியெல்லாம் பாத்தா பயமா இருக்கு. பாதுகாப்பா?

பயம் நியாயமானது. 2016-ல் பெர்லினிலும் 2024-ல் மாக்டபூர்கிலும் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியை ஓட்டி உயிர்களைப் பறித்தார்கள். அதன் பிறகு சதுக்கத்துக்கு வரும் தெருக்களில் தடுப்புகள் போட்டிருக்கிறார்கள், போலீஸ் சுற்றி வரும், பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். பெரிய முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிட்டு வருவது எல்லா வகையிலும் நல்லது, கூட்டத்தில் ஜேப்படியும் உண்டு. நான் ஒவ்வொரு வருடமும் குடும்பத்தோடு போகிறேன்.

எங்களுக்கு 24-லிருந்துதான் லீவு. அப்போ வரட்டுமா?

முன்பே சொன்னதுபோல 24 மதியம் 2 மணியோடு சரி. என் மாமா குடும்பம் அன்று மாலை 4 மணிக்கு வந்து இறங்கியது. சதுக்கத்தில் கூரைத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், கடை கண்ணி எதுவும் இல்லை, 25, 26 இரண்டும் விடுமுறை என்பதால் பால் வாங்கக்கூட ரயில் நிலையத்துக்குள்தான் போக வேண்டியிருந்தது. சந்தைக்காக என்றால் லீவை ஒரு வாரம் முன்னால் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

முடியவே முடியாது என்றால் 24 காலை 10 மணிக்குச் சந்தையில் இருக்கிற மாதிரி முந்தைய இரவே வந்துவிடுங்கள். கடைசிக் காலையில் கூட்டம் குறைவு, மிச்சம் இருக்கும் லெப்கூகனைச் சில கடைக்காரர்கள் விலை குறைத்துத் தருவார்கள். அரிசி, பருப்பு, பால், தயிரை 23-ஆம் தேதியே வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.